எட்டு வருடச் செலவு சேர்ந்துவிட்டது, இனி நிறுத்திவிடலாமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. இளம் வயதிலேயே ஒரு தொகையைச் சேர்த்து முதலீட்டில் போட்டுவிட்டு, அப்புறம் அதைத் தொடாமல் விட்டால், ஓய்வுக்காலத்துக்கு அதுவே வளர்ந்து போதுமானதாகிவிடுமா என்பதுதான் அது. கடிதம் எழுதுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், பல நாணயங்களில் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் என் பதில்களில் நாணயம் எதுவும் வராது. உங்கள் வீட்டின் ஒரு வருடச் செலவுதான் அளவுகோல். 'எட்டு வருடம்' என்று நான் எழுதினால், உங்கள் இன்றைய வருடச் செலவைப் போல எட்டு மடங்கு பணம் என்று படித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இந்த அளவுதான் பழக்கம். ஒருவருடைய கணக்கில் எத்தனை சைபர் இருக்கிறது என்று பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை. அதை வைத்து அவர் எத்தனை வருடம் சாப்பிடுவார் என்று பார்த்தால்தான் விளங்கும்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 32. 22 வயதில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சம்பளத்தில் 40 சதவீதத்தைச் சேமித்து, பரவலாக முதலீடு செய்யும் ஒரு நிதியில் போட்டு வருகிறேன். இப்போது எட்டு வருடச் செலவுக்கான பணம் இருக்கிறது. 62 வயதில் ஓய்வு பெற நினைக்கிறேன். விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு வருடத்துக்கு 4 சதவீதம் வளர்ந்தாலே, இனி ஒரு காசு போடாமல் 62-இல் 25 வருடச் செலவு கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தாளை இணைத்திருக்கிறேன். கணக்கு சரிதானா? இந்த மாதமே சேமிப்பை நிறுத்திவிடலாமா? (32 வயது வாசகி)

பதில்: தாளைப் பார்த்தேன், கணக்கு சரி. நான் வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்தால் செலவு 60, சேமிப்பு 40. அதாவது ஒவ்வொரு வருடமும், ஒரு வருடச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கியிருக்கிறீர்கள். பத்து வருடத்தில் நீங்கள் போட்டது 6.7 வருடம். அது ஈன்ற வளர்ச்சி 1.3. கூட்டினால் 8. இனி 4 சதவீதத்தில் 30 வருடம் விட்டால் ஒன்று 3.24 ஆகும். எட்டு, 25.9 ஆகும். முதல் பத்து வருடத்தில் 1.3 வருடம் மட்டுமே கொடுத்த வளர்ச்சி, அடுத்த முப்பதில் கிட்டத்தட்ட 18 வருடத்தைக் கொடுக்கிறது. சீக்கிரம் தொடங்கச் சொல்லி எல்லோரும் உபதேசிப்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை நம்பித்தான் முழுத் தாளும் நிற்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன் பத்திர விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடினார். ஓய்வு பெறும் ஒருவர் முதல் வருடம் எவ்வளவு எடுத்து, அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால், 30 வருடத்துக்குப் பணம் தீராது? மிக மோசமான காலகட்டத்தில் ஓய்வு பெற்றவருக்குக்கூட 4 சதவீதம் தாங்கியது என்று கண்டார். நூறை நாலால் வகுத்தால் 25. அது ஒரு நாட்டின், அதுவும் பங்குச் சந்தை நன்றாகவே ஓடிய ஒரு நாட்டின் பழைய விவரம். 62 வயதில் நிறுத்துபவருக்கு 25 நியாயமான இலக்குதான். 45-இல் வேலையை விட்டுவிட்டு அதே 25-ஐ நம்புகிறவர்களுக்கு நான் துணை போகமாட்டேன், அவர்கள் 30 வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும்.

சரி, நிறுத்தலாமா? இங்கேதான் உங்கள் தாளில் இல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் சேமிப்பை நிறுத்தினால் அந்த 40 எங்கே போகும்?

இதே வேலையில், இதே சம்பளத்தில் இருந்துகொண்டு நிறுத்தினால் அது செலவுக்குத்தான் போகும். இன்னும் பெரிய வீடு, இன்னும் நல்ல வண்டி, ஊர் சுற்றல். ஓரிரு வருடத்தில் உங்கள் வருடச் செலவு 60-இலிருந்து 100 ஆகிவிடும். பணம் அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் 60-ஆல் வகுத்தபோது எட்டு வருடமாக இருந்தது, 100-ஆல் வகுத்தால் 4.8 வருடம். அது 62-இல் 15.6 ஆகும். 25.9 எங்கே, 15.6 எங்கே! சந்தை உங்களை ஏமாற்றவில்லை, வட்டிக் கணக்கும் தப்பவில்லை. சேமிப்பை நிறுத்தியதே செலவைக் கூட்டி, இலக்கைத் தூரத் தள்ளிவிட்டது. இந்த யோசனையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீட்டின் வளர்ச்சி விகிதத்தைப் பற்றித்தான் மாய்ந்து மாய்ந்து வாதாடுகிறார்கள். எனக்கென்னவோ, கவிழ்ப்பது பெரும்பாலும் செலவுதான் என்று படுகிறது.

இதற்கு ஒரே ஒரு நேர்மையான வழி உண்டு. வருமானம் 60-க்கு இறங்கினாலும் பரவாயில்லை என்று, உங்களுக்குப் பிடித்த, சம்பளம் குறைந்த ஒரு வேலைக்கு மாறுவது. அல்லது இதே வேலையில் நாட்களைக் குறைத்துக்கொள்வது. உங்கள் கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு மாதிரி, 'நிறுத்த முடிந்தால் இந்த வேலையை விட்டுவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம் என்று ஒரு எண்ணம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அதுதான் காரணம் என்றால் என் பதில், தாராளமாக. இந்தப் பத்து வருட உழைப்பு உங்களுக்கு வாங்கிக் கொடுத்திருப்பது அந்தச் சுதந்திரத்தைத்தான். ஆனால் நினைவிருக்கட்டும், 62 வரை அன்றாடச் சோற்றுக்கு நீங்கள் சம்பாதித்தே ஆக வேண்டும். அந்த எட்டு வருடப் பணம் இடையில் ஒரு நாளும் உங்களுக்குச் சொந்தமில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. முழுவதும் நிறுத்தாதீர்கள். வருடத்துக்கு ஒரு வருடச் செலவில் பத்தில் ஒரு பங்கை, அதாவது உங்கள் பழைய சம்பளக் கணக்கில் 100-க்கு வெறும் 6-ஐ, தொடர்ந்து போடுங்கள். புது வேலையில் 66 வந்தால் போதும். இது எதற்கு? 4 சதவீதம் என்பது நம்முடைய ஆசை, சந்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை. 3 சதவீதமே கிடைத்தால் உங்கள் எட்டு 62-இல் 19.4 வருடமாகத்தான் நிற்கும். பத்தில் ஒரு பங்கைப் போட்டுக்கொண்டே வந்திருந்தால் 24.2 இருக்கும். கிட்டத்தட்ட கரை சேர்ந்தாகிவிட்டது. 4 சதவீதமே கிடைத்துவிட்டால் 31 வருடத்துக்கும் மேல் இருக்கும், அப்போது 59-லேயே வேலையை விட்டுவிடலாமா என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதலாம்.

சிறு தொகை தொடர்ந்து போவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. நீங்கள் போடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை என்றால், சந்தை எந்த வருடம் விழுந்தது, எந்த வருடம் ஏறியது என்ற வரிசை உங்கள் முடிவைத் துளியும் மாற்றாது. பெருக்கலில் எதை முன்னால் போட்டாலும் விடை ஒன்றுதானே. 2008-இல் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் குறியீடு, நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்தும் ஒரே வருடத்தில் சுமார் 37 சதவீதம் சரிந்தது. அந்த மாதிரி வருடம் உங்களுக்கு 33 வயதில் வந்தாலும் 53-இல் வந்தாலும் 62-இல் ஒரே தொகைதான். ஆனால் விலை சரிந்து கிடக்கும்போது வாங்கும் வாய்ப்பு, மாதாமாதம் போடுகிறவருக்கு மட்டும்தான் உண்டு. முழுக்க நிறுத்தியவர் அதை வேடிக்கைதான் பார்க்க முடியும்.

வருடத்துக்கு ஒருமுறை, பிறந்த நாளன்று வைத்துக்கொள்ளுங்களேன், இருக்கும் பணத்தை அந்த வருடச் செலவால் வகுத்துப் பாருங்கள். 62-இல் 25-ஐத் தொட, 35-இல் 8.7, 40-இல் 10.5, 45-இல் 12.8, 50-இல் 15.6, 55-இல் 19. இவற்றை ஒட்டி இருந்தால் மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். ஒரு வருடம் கீழே போனதற்கும் பதற வேண்டாம். மூன்று நாலு வருடம் தொடர்ந்து கீழேயே இருந்தால் சேமிப்பைக் கூட்டுங்கள், அல்லது வகுக்கும் எண்ணைப் பாருங்கள். வகுக்கும் எண் என்று நான் சொல்வது செலவை.

கேள்வி: கூட்டு வட்டி உலகின் எட்டாவது அதிசயம் என்று ஐன்ஸ்டைன் சொன்னாராமே? (கல்லூரி மாணவர்)

பதில்: அவர் அப்படி எழுதியதற்கும் பேசியதற்கும் ஆதாரம் கிடையாது. கூட்டு வட்டியை உண்மையிலேயே உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஜேகப் பெர்னூலி என்ற கணித அறிஞர். 1683-இல் அவர், வட்டியை வருடத்துக்கு ஒருமுறை கூட்டாமல் மாதாமாதம், நாள்தோறும், நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்தார். நூறு சதவீத வட்டியில் ஒன்று, ஒரு வருடத்தில் எவ்வளவு அடிக்கடி கூட்டினாலும் 2.718-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. கணிதத்தில் 'ஈ' (e) என்று வழங்கும் மாறிலி அப்படித்தான் பிறந்தது. வட்டி எத்தனை தடவை குட்டி போட்டாலும் அதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பது, எட்டாவது அதிசயத்தைவிட உபயோகமான செய்தி.

கேள்வி: ஒரு வரைபடம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒருவர் 22 முதல் 32 வரை பத்து வருடம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் 32-இல் தொடங்கி 62 வரை முப்பது வருடம் அதே தொகையைப் போடுகிறார். கடைசியில் முதலாமவரிடம்தான் அதிகப் பணம் இருக்கிறது. இது நம்பும்படியாக இருக்கிறதா? (கணக்கில் சந்தேகப் பேர்வழி)

பதில்: உங்கள் சந்தேகம் வாழ்க. வரைபடத்தில் பொய் இல்லை, ஆனால் வளர்ச்சி விகிதத்தை ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 10 அல்லது 12 சதவீதமாக இருக்கும். இருவரும் வருடத்துக்கு ஒன்று போடுவதாக வையுங்கள். 10 சதவீதத்தில் முதலாமவரிடம் 278, இரண்டாமவரிடம் 164. முதலாமவர் ஜெயித்தார். 4 சதவீதத்தில் முதலாமவரிடம் 39, இரண்டாமவரிடம் 56. தோற்றார். இருவரும் சமமாக வரும் இடம் சுமார் 6.3 சதவீதம்.

அப்படியானால் 10 சதவீதம் என்று போட்டால் என்ன தப்பு, சந்தை அவ்வளவு கொடுத்ததில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்த காலம் உண்டு. ஆனால் அது விலைவாசியைக் கழிக்காத எண். விலைவாசியைக் கழிக்காமல் பார்த்தால் இரண்டாமவர் முப்பது வருடமும் 'அதே தொகையை'ப் போடுகிறார் என்பது ஒரு விளையாட்டு. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், அவர் முப்பதாவது வருடம் போடும் ஒன்று, முதல் வருடம் போட்ட ஒன்றில் கால்வாசிதான் பெறும். சம்பளம் ஏறியிருக்கும், அவர் மட்டும் பழைய தொகையையே போட்டுக்கொண்டிருக்கிறார். எந்த மனிதர் அப்படிச் செய்வார்? விலைவாசிக்கு ஏற்ப அவரும் கூட்டிப் போடுகிறார் என்றால், நாம் பேச வேண்டியது கழித்த பிறகு உள்ள 4, 5 சதவீதத்தைப் பற்றி. அங்கே தாமதமாகத் தொடங்கியவர்தான் முந்துகிறார்.

இதனால் சீக்கிரம் தொடங்குவது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய பதிலில் உள்ள வாசகி பத்து வருடத்தில் போட்டது 6.7 வருடச் செலவு. 32-இல் தொடங்குகிறவர், அதே 4 சதவீதத்தில் 62-இல் அதே இடத்துக்கு வர, முப்பது வருடத்தில் மொத்தம் 13.9 வருடச் செலவைப் போட வேண்டும். இரு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசமே தாராளம், இதற்கு மேல் ஜோடனை எதற்கு?

கேள்வி: எனக்கு 47. இதுவரை சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு எதாவது வழி இருக்கிறதா? (பெயர் வேண்டாம்)

பதில்: பூசி மெழுகாமல் எண்ணைச் சொல்கிறேன். 67-இல் 25 வருடம் கையில் இருக்க வேண்டுமென்றால், 4 சதவீதத்தில், இன்று தொடங்கி ஒவ்வொரு வருடமும் 0.84 வருடச் செலவைப் போட வேண்டும். வருமானத்தில் சுமார் 46 சதவீதம். குடும்பம் நடத்திக்கொண்டு இதைச் செய்யக்கூடியவர்கள் குறைவு. செய்யுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த 25-ஐயே முதலில் உரசிப் பாருங்கள். உங்களுக்கு அரசு ஓய்வூதியமோ நிறுவன ஓய்வூதியமோ எதாவது வருமா? அது விலைவாசிக்கு ஏற்ப உயருமா? அதை விசாரித்து எழுத்தில் வாங்குங்கள். செலவில் நூற்றுக்கு நாற்பதை அது பார்த்துக்கொள்ளும் என்றால் உங்கள் இலக்கு 25 இல்லை, 15. அடுத்தது வேலை பார்க்கும் காலம். 70 வரை நீட்டினால் பணத்துக்கு மூன்று வருடம் கூடுதல் வளர்ச்சி, மூன்று வருடம் கூடுதல் சேமிப்பு, எடுத்துத் தின்னும் வருடங்களிலும் மூன்று குறைவு. இந்த மூன்றாவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே, வருடத்துக்குப் போட வேண்டியது 0.41 வருடச் செலவுக்கு இறங்கிவிடுகிறது. வருமானத்தில் 29 சதவீதம். கடினம்தான், ஆனால் முடியாதது இல்லை. பிள்ளைகள் படிப்பு முடிந்து வீட்டுக் கடனும் தீர்ந்தபின் இன்னும் எளிதாகும்.

70 வயது வரை வேலையா என்று மலைக்காதீர்கள். 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்துச் சட்டம் முதன்முதலாக முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது வயது வரம்பு 70 தான். 65 ஆக இறங்கியது 1916-இல். அன்றைக்கு எழுபதைத் தொட்டவர்களே கொஞ்சம் பேர் என்பது வேறு விஷயம். உடம்பு ஒத்துழைக்குமா என்பதுதான் உங்கள் முன்னால் உள்ள உண்மையான கேள்வி. அதற்கு மருத்துவரிடமும் போங்கள், கணக்கனிடம் மட்டும் வராதீர்கள்.

கேள்வி: எதில் போடுவது என்று மட்டும் நீங்கள் சொல்வதே இல்லை. நழுவுகிறீர்களா? (நேராகக் கேட்பவர்)

பதில்: நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், வகையைச் சொல்கிறேன். முப்பது வருடம் தொடப்போவதில்லை என்ற பணத்துக்கு, உலகின் பல நாட்டு நிறுவனங்களைப் பரவலாக வாங்கிவைக்கும், கட்டணம் மிகக் குறைந்த குறியீட்டு நிதி, அதாவது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி. ஓய்வு நெருங்க நெருங்க, ஒரு பகுதியைக் கடன் பத்திரங்களுக்கு மாற்றுவது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. இப்படி ஒரு நிதியைச் சாதாரண முதலீட்டாளருக்காக முதலில் கொண்டுவந்தவர் ஜான் போகிள், 1976-இல். 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், வந்தது ஒன்றேகால் கோடியைக்கூடத் தொடவில்லை. சந்தையோடு சேர்ந்து போவதற்கு ஒரு நிதியா என்று அப்போது சிரித்தார்கள்.

கட்டணம் ஒரு சதவீதம்தானே என்று யாராவது சொன்னால் அந்த 32 வயது வாசகியின் கணக்கைக் காட்டுங்கள். 4 சதவீத வளர்ச்சியில் ஒரு சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டால் 3 தான் மிஞ்சும். 25.9 வருடம் 19.4 ஆகும். ஆறரை வருடச் சாப்பாடு, முப்பது வருடம் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள்.

'பல நாட்டு' என்பதை அழுத்திச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ஐத் தொட்டது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நடுவில் 34 வருடம். இடையிடையே கிடைத்த ஈவுத்தொகையைச் சேர்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லைதான். ஆனாலும் 1989-இல் எல்லாப் பணத்தையும் அந்த ஒரு சந்தையில் போட்டு, தொடாமல் விட்ட 32 வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தன் ஊரை நம்பினார்.

இன்னொரு பழைய கதையும் உண்டு. 1790-இல் இறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1000 பவுண்டு எழுதிவைத்தார். இளம் தொழிலாளர்களுக்கு அதைக் கடனாகக் கொடுத்து வட்டியோடு வளர்க்க வேண்டும், 100 வருடத்தில் ஒரு பகுதியை எடுக்கலாம், மிச்சத்தை 200 வருடம் முடிந்த பிறகுதான் தொடலாம் என்பது ஏற்பாடு. 1990-இல் திறந்து பார்த்தபோது இரண்டிலும் பல லட்சம் டாலர் இருந்தது. ஆனால் பாஸ்டன் கணக்கில் இருந்தது பிலடெல்பியா கணக்கைப் போல இரு மடங்குக்கும் மேல். ஒரே உயில், ஒரே முதல், ஒரே காலம். பார்த்துக்கொண்டவர்கள் மட்டும் வேறு.

கேள்வி: வயது 24. கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் எப்படிச் 'சீக்கிரம் தொடங்குவது'? (மாதக் கடைசிக்காரன்)

பதில்: தம்பி, நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள், எதிர்ப் பக்கத்தில். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் வருடம் ஏறக்குறையக் கிடைக்கும். 1494-இல் வெனிஸில் அச்சான லூகா பாச்சோலியின் கணித நூலிலேயே இந்தச் சூத்திரம் இருக்கிறது. 4 சதவீதத்தில் பணம் இரட்டிப்பாக 18 வருடம். 24 சதவீதத்தில் கடன் இரட்டிப்பாக மூன்றே வருடம். அதனால் கார்டு பாக்கி முதலில், முதலீடு அப்புறம். வேலை பார்க்கும் நிறுவனம் உங்கள் ஓய்வுக் கணக்கில் தன் பங்காகவும் பணம் போடுகிறதென்றால் அதைப் பெறத் தேவையான அளவு மட்டும் இப்போதே போடுங்கள்.

இன்றைய சம்பளத்திலிருந்து எடுக்க முடியவில்லை என்றால், வராத சம்பளத்திலிருந்து எடுங்கள். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். இப்போது எதுவும் குறைக்க வேண்டாம், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு விடுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சராசரியாகச் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது. கையில் வராத பணத்தை யாரும் இழந்ததாக உணர்வதில்லை. அடுத்த உயர்வு கையில் வருமுன்னே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 35. ஓய்வுக்கென்று போட்ட பணத்திலிருந்து வீட்டுக் கூரையைச் சரிசெய்யக் கொஞ்சம் எடுக்க நினைக்கிறேன். ஐந்து வருடத்தில் திரும்பப் போட்டுவிடுவேன். சரியா? (கூரை ஒழுகும் வீட்டுக்காரர்)

பதில்: நான் வேலை பார்த்த இடத்தில் இதற்கு ஒரு படிவம் உண்டு. இடப் பக்கம் எடுக்கும் தொகை, காரணம், கையெழுத்து. வலப் பக்கம் 'திரும்பச் செலுத்திய விவரம்' என்று ஆறு வரி. இடப் பக்கம் எப்போதும் அழகான கையெழுத்தில் நிரம்பியிருக்கும். வீட்டு ரிப்பேர், மருத்துவம், படிப்பு, எல்லாமே நியாயமான காரணங்கள். வலப் பக்கத்தில் இரண்டாவது வரிக்கு மேல் மை பட்ட படிவத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கோப்பில் அடுத்து இருப்பது பெரும்பாலும் அதே ஆளின் இன்னொரு படிவம்.

ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கூட்டு வட்டிக் கணக்குப் போடச் சொல்லமாட்டேன். வேறு வழியே இல்லை, வெளிக் கடனுக்கு வட்டி அதிகம் என்றால் எடுங்கள். ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். 62-இல் ஓய்வு என்றால், இன்று எடுக்கும் ஒன்று, 4 சதவீதத்தில் அன்றைக்கு 2.9 ஆகியிருக்கும். ஐந்து வருடம் கழித்துத் திருப்பும்போது எடுத்த ஒன்றை மட்டும் போட்டால் கணக்கு நேராகாது, 1.22 போட வேண்டும். அதன் மேல் அந்த ஐந்து வருட விலைவாசி ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். சேர்த்து, 60 மாதத்தால் வகுத்து, அடுத்த மாதமே முதல் தவணையைத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாவது வருடக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று வைக்காதீர்கள்.

தவணை முடிந்த பிறகும் அதே தொகையை நிறுத்தாமல் தனியாக ஒரு கணக்கில் விடுங்கள், ஆறு மாதச் செலவு சேரும்வரை. அதைப் பங்கில் போட வேண்டாம், வங்கியில் சும்மா கிடக்கட்டும். அடுத்த தடவை ஒழுகினால் அதிலிருந்து எடுக்கலாம், எந்தப் படிவமும் வேண்டியதில்லை.